இலக்கியக் கட்டுரை எழுதப் பழகும்போது: திருத்துபவர்களின் அனுபவப் பகிர்வு

இளங்கலைக் கட்டுரைகளைத் திருத்துபவர்:

முதலாண்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கதைச்சுருக்கத்தையோ பொழிப்புரையையோ எழுதிவிட்டு, திறனாய்வு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘அடுத்த அத்தியாயத்தில்’ என்று நகர்ந்தால் அது சுருக்கம். ‘ஆனால்’, ‘அதனால்’, ‘இருந்தும்’ என்று நகர்ந்தால் உள்ளே வாதம் இருக்கிறது.

வாதம் என்றால் இன்னொருவர் மறுக்க இடம் இருக்க வேண்டும். குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம், ‘யாயும் ஞாயும்’ என்று தொடங்குவது. ‘இப்பாட்டு காதலின் மேன்மையைச் சொல்கிறது’ என்பதை யார் மறுப்பார்? மறுக்க ஆளில்லாத கருத்தை நிறுவவும் வேலையில்லை. முதலில் பாட்டில் இருப்பதைக் கணக்கெடுங்கள். மொத்தம் 5 அடி. முதல் மூன்றும் கேள்விகள்: தாயர், தந்தையர், பிறகு நாம் இருவர். நான்காவது அடி உவமை. ஐந்தாவதில்தான் செய்தியே வருகிறது. மூன்றாம் அடியில் ‘யானும் நீயும்’ எழுவாய். ஐந்தாம் அடியில் ‘நெஞ்சம்’ எழுவாய். வினை ‘கலந்தனவே’, இறந்தகாலம். நடந்து முடிந்துவிட்டது. இவ்வளவும் கையில் இருந்தால், ‘உறவுமுறை பற்றிய கேள்விகளுக்குப் பாட்டு விடை தரவில்லை, எழுவாயை மாற்றி அக்கேள்விகளைத் தேவையற்றவை ஆக்குகிறது’ என்று எழுதலாம். ‘அந்தக் கேள்விகளிலேயே “உறவில்லை” என்ற விடை இருக்கிறதே’ என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பையும் கட்டுரைக்குள் கொண்டுவந்து பதில் சொல்லுங்கள். நல்ல மதிப்பெண் விழுவது அங்கேதான்.

சங்க இலக்கியம் கற்பிப்பவர்:

அதே பாட்டில் மாணவர்கள் தவறும் இன்னோர் இடம் கூற்றுக்குறிப்பு. பிரிவுக்கு அஞ்சிய தலைவியைக் கண்டு தலைவன் சொன்னது என்று பாட்டோடு அச்சாகியிருக்கும். அது பாட்டின் பகுதி அல்ல, பின்னால் சேர்க்கப்பட்டது. அந்த 5 அடிகளில் பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை! ஆகவே ‘கவிஞர் தலைவனை இப்படிப் பேச வைக்கிறார்’ என்று நேராக எழுதாதீர்கள். ‘கூற்றுக்குறிப்பின்படி’ என்று தொடங்குங்கள். பழைய வாசகர் ஒருவரின் விளக்கமாக அதைக் கையாளுங்கள்.

குறிஞ்சி, முல்லை என்று திணைப் பெயர் ஒட்டுவதும் ஆய்வாகாது. இப்பாட்டில் மலையோ தினைப்புனமோ பூவோ பறவையோ கிடையாது. பிறகு எப்படிக் குறிஞ்சி? புணர்தல் என்னும் உரிப்பொருளால், அதாவது அந்தத் திணைக்கு உரிய காதல்நிலையால். இப்படி ‘எப்படி’ என்று கேட்கும்போதே ஒரு பத்திக்கு விஷயம் கிடைத்துவிடும். கோட்பாடுகளுக்கும் இதே அளவுகோல்தான். பெண்ணியமோ மார்க்சியமோ பனுவலிடம், அதாவது நீங்கள் வாசிக்கும் படைப்பிடம், புதிய கேள்வி கேட்க உதவினால் வரட்டும். முன்னுரையில் இரண்டு பக்கம் விளக்கிவிட்டு அப்புறம் மறந்துவிடுவதாக இருந்தால் வேண்டாம்.

பதிப்பையும் கவனியுங்கள். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார், 1937இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் பாடவேறுபாடு ஒரே சொல்லில் இருந்தாலும் உங்கள் வாதம் அந்தச் சொல்லில் நின்றால் அது முக்கியம். இணையப் படிகளில் சந்தி பிரிப்பும் மாறியிருக்கும். ஒரு பதிப்பைத் தேர்ந்து, கடைசிவரை அதிலிருந்தே மேற்கோள் எடுங்கள்.

ஆய்வேட்டு நெறியாளர்:

வேலையின் வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில் யார் பேசுகிறார், யாரிடம், எந்தக் காலம், எந்தச் சொல் திரும்ப வருகிறது, தொனி எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். கவிதையென்றால் மூன்றாம் முறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். நாவலென்றால் பின்னட்டையின் உட்புறத்தில் பக்க எண்களோடு சொந்தமாக ஒரு சுட்டி தயாரியுங்கள்; இல்லாவிட்டால் எழுதும் நேரத்தில் பாதி தேடுவதிலேயே போய்விடும்.

பிறர் எழுதிய விமர்சனங்களைத் தொடுவது உங்கள் குறிப்புகள் முடிந்த பிறகு. முன்பே படித்தால் அவர்கள் கண்ணால்தான் பனுவல் தெரியும். குறிப்பெடுக்கும்போது அவர் சொல், உங்கள் சுருக்கம், உங்கள் கருத்து மூன்றையும் தனித்தனி நிறத்தில் எழுதுங்கள். வேண்டுமென்றே திருடாதவர்களின் கட்டுரையிலும் பிறர் வாக்கியங்கள் நுழைவது, இவை மூன்றும் ஒரே தாளில் கலந்துவிடுவதால்தான்.

1,500 சொல் கட்டுரைக்கு 200 முதல் 250 சொல்லில் ஐந்தாறு பத்திகள் போதும். மேற்கோள் இரண்டு மூன்று வரிக்குள் இருக்கட்டும். அதைப் பற்றி நீங்கள் எழுதுவது அதைப்போல் இரண்டு மடங்காவது வர வேண்டும். மேற்கோளோடு பத்தியை முடித்தால் விளக்கும் வேலையை வாசகர் தலையில் போட்டதாகிவிடும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது வாதம் கொஞ்சம் திரும்பியிருக்கும். முதலில் எழுதிய முன்னுரை அந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது.