போன் சிக்னல் என்று நினைத்தோம், பார்க்கின்சன்

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் பேசினால் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சிக்னல் சரியில்லை, கொஞ்சம் வெளியே வந்து பேசுங்க சித்தப்பா." புதுப் போன்கூட வாங்கிக் கொடுத்தாச்சு. வாய்க்கால் கரையில் நின்று நாலு வயல் தள்ளி நடவு நடுகிறவர்களைக் கூப்பிட்ட குரல், கோபத்தில்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்விட்டது.

தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் கோளாறில்லை, நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். கை நடுக்கம் அப்போது இல்லை, நடக்கும்போது வலது கை வீசாது, அவ்வளவுதான். தஞ்சாவூரில் பரிசோதித்து பார்க்கின்சன் என்றார்கள்; உடல் அசைவுகளை மெல்ல மெல்லப் பாதிக்கும் மூளை நோய் அது.

அப்புறம் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா மைக் முன்னால் உட்கார வைத்து, ஒரே மூச்சில் 'ஆ' சொல்லச் சொன்னார். பிறகு 'பா-டா-கா, பா-டா-கா' என்று வேகமாக. சித்தப்பா நன்றாகத்தான் ஆரம்பித்தார், கொஞ்ச நேரத்திலேயே எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறின. அந்த 'ஆ'வில் அடுத்தடுத்த அதிர்வுகளுக்கு இடையே நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது ஜிட்டர், சத்தம் எவ்வளவு மாறுகிறது என்பது ஷிம்மர். மூளையில் அசைவுக்கு உதவும் டோபமின் என்கிற வேதிப்பொருள் குறைந்து தசைகள் விறைக்கும்போது மூச்சும் குரல்நாணும் கட்டுப்பாடு இழப்பதால் இந்த எண்கள் ஏறும். இந்த நோய்க்குப் பெயர் தந்த ஆங்கிலேய டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய கட்டுரையிலேயே பேச்சு புரியாமல் போவது இருக்கிறது.

ஆனால் 'ஆ' சொன்னால் நோயைச் சொல்லிவிடும் என்கிற ஆப்பை நம்பி யாரும் முடிவு கட்டாதீர்கள். சளி, புகைப்பழக்கம், முதுமை, மட்டமான மைக், எல்லாமே அதே எண்களை ஏற்றும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தொகுத்து, இன்றுவரை பலரும் எடுத்தாளும் குரல் தரவில் மொத்தமே 31 பேர், அதில் 23 பேர் நோயாளிகள். அதில் வருகிற துல்லியம் நம் வீட்டுப் பெரியவருக்கு அப்படியே பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா இப்போது மாத்திரையோடு சத்தமாகப் பேசும் பயிற்சியும் செய்கிறார். தான் கத்துவதாக அவருக்குத் தோன்றுகிறது, நமக்கோ சாதாரணப் பேச்சாகத்தான் கேட்கிறது. இதைப் பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் குரல் தேய்வதுபோல் தெரிந்தால், பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். போன வருடத்தையும் இந்த மாதத்தையும் அடுத்தடுத்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள்.