அப்பாவின் திருச்செந்தூர் பஸ்

அப்பாவுக்கு 61 வயது. 30 வருடம் திருநெல்வேலி–திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர். போன ஆவணியில் ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த டிக்கெட்ட எடு" என்றார். அவர் கேட்டது ரசக் கரண்டி. எல்லோரும் சிரித்துவிட்டோம். மூன்றாம் நாள் வலிப்பு.

மூளையின் இடது பக்கம் கட்டி. ஆபரேஷனுக்கு அப்புறம் பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுநோய், கிரேடு 4 என்று வந்தது. வேர் விட்டதுபோல ஊடுருவியிருக்கும், முழுசாக எடுக்க முடியாது, திரும்ப வளரும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நாங்கள் தப்பு செய்தது அங்கேதான். அப்பாவிடம் "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்றோம். ஆறு வாரத்தில் 30 தடவை கரண்ட் (ரேடியேஷன்) வைத்தார்கள். முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை முகமூடியை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பிணைத்துவிடுவார்கள். கூடவே தினமும் டெமோசோலோமைடு என்கிற கீமோ மாத்திரை. சின்னக் கட்டிக்கு இவ்வளவா என்று யோசிக்க மாட்டாரா? "சில்லறை இல்லை" என்கிற பொய்யை 30 வருடம் பார்த்த மனுஷன்.

ஒரு நாள் காலையில் பாஸ்புக், ஈபி கார்டு, கேஸ் புக் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அம்மாவைக் காட்டி, "இதுல... இவ பேரு... போடு" என்றார். நாமினி என்ற வார்த்தை வரவில்லை. அம்மா அன்றைக்குத்தான் அவர் முன்னால் முதல்முறையாக அழுதாள். வீட்டில் குசுகுசுப் பேச்சு அதோடு நின்றது.

ஹார்லிக்ஸோடு வந்து "ஒண்ணும் ஆகாது" என்றவர்கள் நிறைய. ஸ்கேன் நாளில் கேட்காமலே ஆட்டோவோடு வந்து நிற்பவர் சித்தப்பா ஒருவர்தான்.

வார்த்தை தொலைந்தாலும், பழகிய வரிசை சிலருக்குத் தங்கும் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொன்னார். கிழமைகள், பாட்டு, அந்த மாதிரி. அப்பாவுக்கு ஸ்டாப்புகள். "தண்ணி" என்று கேட்க வராதவர், பாளையங்கோட்டை என்று எடுத்துக்கொடுத்தால் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி என்று போய்க்கொண்டே இருப்பார். என் மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கேட்பாள்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். என் கணவருக்கும் இதே கட்டிதான். 38 வயது. டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் ராத்திரி 2 மணிக்குப் பசி என்று எழுப்புவார், நான் தோசை சுடுவேன். தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் கோபம். மருந்தா, கட்டியா, இவரேதானா என்று புரியாமல் இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம்தான் டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஸ்டீராய்டைக் காலை வேளைக்கு மாற்றினார். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டமும் சிலருக்குக் கோபத்தைக் கிளப்புமாம். முன்னாலேயே கேட்டிருக்கலாம். உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

*

இருக்கிறார், அக்கா. அடுத்த ஸ்கேன் வருகிற வாரம். நேற்று தென்திருப்பேரையோடு நின்றுவிட்டார். ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விசில் ஊதி, "தாத்தா, ரைட்டு!" என்றாள். குரும்பூர் வந்துவிட்டது.