மறு: ‘கத்திமடிப்பு’ வேண்டாமே: டிரெய்லர் மடங்குவதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். இழுவண்டியும் அதன் பின்னால் மாட்டிய டிரெய்லரும் இணைப்பில் மடக்குக்கத்தி போல மடங்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் ஜாக்நைஃப் என்கிறார்கள். நம் கலைச்சொல் அட்டவணைக்கு அதற்கு வந்த பரிந்துரை இது:

> ஜாக்நைஃப் = கத்திமடிப்பு. படம் போல விளங்குகிறது.

விளங்குகிறதுதான், ஆனால் இடறுகிறது. வேட்டியை மடிக்கிறோம், காகிதத்தை மடிக்கிறோம். முழங்காலை மடக்குகிறோம். மூட்டு உள்ளது எதுவும் மடங்கும், மடியாது. அந்தக் கத்திக்கே தமிழில் மடக்குக்கத்தி என்றுதானே பெயர்? அப்புறம் ‘மடிப்பு’ எங்கிருந்து வந்தது?

நான் இருப்பது திருவொற்றியூர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளின் வரிசையைப் பார்த்தே வளர்ந்தவன். போன வாரம் மணலிப் பக்கம் ஒரு யார்டு வாசலில் நாற்பதடி டிரெய்லர் ஒன்று பின்னால் ஏறுவதைக் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கிளீனர் தட்டிக்கொண்டே கத்துகிறான்: “ரைட்ல ஒடி, ஒடி... போதும், நேர் பண்ணு... ஓல்டான்! மடங்குது பாரு, முன்னால எடு!” நாம் தேடும் வினைச்சொல் அவன் வாயில் இருக்கிறது.

வேலையைத் தெரிந்துகொண்டால் சொல்லும் தெளியும். முன்னோக்கி ஓடும்போது டிரெய்லர் இழுத்த பக்கம் வந்து தானாக நேராகிவிடும். ரிவர்ஸில் எல்லாமே தலைகீழ். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்துவது போல, கொஞ்சம் சாய்ந்தாலும் சாய்வு கூடிக்கொண்டே போகும். டிரெய்லரின் பின்பக்கம் இடது போகவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை முதலில் வலது பக்கம் ஒடிக்கவேண்டும். கிங்பின்னில், அதாவது டிரெய்லரை இழுவண்டியோடு இணைக்கும் முளையில், வேண்டிய கோணம் விழுந்ததும், இடது பக்கம் திருப்பி டிரெய்லரைத் துரத்திப் பிடிக்கவேண்டும். துரத்தத் தாமதித்தால் போச்சு. ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் ரிவர்ஸிலேயே மீட்க முடியாது, முன்னால் எடுத்துத்தான் ஆகவேண்டும். இருபதடி டிரெய்லரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நாற்பதடி, அதாவது 12 மீட்டர் சொச்சம், மெதுவாகத் திரும்பும், யோசிக்க நேரம் தரும். நீளமானதுதான் கஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, இங்கே நடப்பது இரண்டு. முதலில் டிரைவர் வேண்டுமென்றே கோணம் விழச் செய்கிறார். கை மீறினால் வண்டியே கோணத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆங்கிலச் சொல் இரண்டாவதை மட்டும் பிடிக்கிறது. நமக்கோ அடக்கு–அடங்கு, திருத்து–திருந்து மாதிரி ஜோடி தயாராக இருக்கிறது. டிரைவர் செய்வது மடக்கல், வண்டி செய்துகொள்வது மடங்கல். ஈர ரோட்டில் பிரேக் போட்டு இழுவண்டியின் பின்சக்கரம் வழுக்க, பின்னாலிருக்கும் பாரம் தள்ளி வண்டி மடங்கிவிடுவதற்கும் மடங்கல் பொருந்தும். மீட்க முடியாத அந்த எல்லைக்கு ‘மீளாக் கோணம்’.

மடங்கல் என்றால் பழைய நூல்களில் சிங்கம் ஆயிற்றே என்று ஒரு மடல் வரும், தெரியும். வரட்டும். யார்டில் யாரும் சிங்கத்தை எதிர்பார்க்கப் போவதில்லை. மடக்கல், மடங்கல் என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் குழம்பாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அடக்கம் வேறு, அடங்கல் (பயிர்க் கணக்கு) வேறு என்று விஏஓ அலுவலகம் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

> பிளைண்ட் சைடு = குருட்டுப் பக்கம்

இதுவும் வேண்டாம். ‘மறைபக்கம்’ என்று எழுதி வைத்திருந்தேன். நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலது பக்கம், அதனால் டிரெய்லர் இடது பக்கம் வளையும்போது அதன் வால் அவர் கண்ணுக்குச் சரியாகப் படாது. அந்தப் பக்கத்துக்கு லாரிக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர் ‘கிளீனர் சைடு’. அட்டவணையில் ‘கிளீனர் பக்கம்’ என்றே போடலாமா? கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.