என்ரோல்மென்ட் விண்ணப்பத்தில் ஊரடங்கு கால எஃப்ஐஆரை எழுத வேண்டுமா? உதவி தேவை

அப்பத்தா பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். 2020-ல் சேர்ந்து இந்த 2025-ல் ஐந்து வருட பி.ஏ., எல்எல்.பி. முடித்துவிட்டேன். அரியர் இல்லை, புரொவிஷனல் சான்றிதழ் கையில் இருக்கிறது. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பும்போது ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் மீது குற்ற வழக்கு உண்டா என்று கேட்கும் இடம்.

நடந்தது இதுதான். 2020 மார்ச் 24, பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன், அன்று ராத்திரியே ஊர் அடைந்துவிட்டது. ஏப்ரலில் அப்பத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. மாமாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன் (சிவகங்கை மாவட்டம், ஊர் பெயர் வேண்டாமே). வழியில் மறித்து, வண்டியை ஸ்டேஷனில் போட்டுவிட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டம் 188 (அரசு உத்தரவை மீறுவது), 269 (கவனக்குறைவால் நோய் பரப்புவது) என்று ஏட்டையா சொன்ன ஞாபகம். வண்டியை ஒரு மாதம் கழித்து மாமா மீட்டார். அப்புறம் சம்மன், கோர்ட் எதுவுமே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

நண்பன் சொல்கிறான்: "லட்சக்கணக்கான பேர் மேல் போட்ட கேஸ்டா. முதல்வரே வாபஸ் என்று அறிவித்தாயிற்று. இல்லை என்று எழுதிவிட்டுப் போ." எனக்கு அவசரமும் இருக்கிறது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் அந்தக் கணக்கும் தள்ளிப்போகிறது. எழுதினால் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிடுவார்களோ என்று பயம். என்ன செய்வது?

தாலுகா கோர்ட் வாசல்:

முதலில் ஒன்று. உங்களிடம் இருப்பது எஃப்ஐஆரா, சிஎஸ்ஆரா? புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் கிழித்துக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதையே கேஸ் என்று நினைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். சிஎஸ்ஆர் என்றால் வழக்கே பதிவாகவில்லை. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம் போட்டு எஃப்ஐஆர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்ஐஆர் எண்ணைப் போட்டும் தேடலாம்.

ஜெராக்ஸ் பத்து பைசா:

ப்ரோ, எழுதவே எழுதாதீர்கள். நீங்களாகப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய மாஸ்க் கேஸை யார் தோண்டப் போகிறார்கள்?

மதுரைக் கிளை அக்கா:

மேலே உள்ள யோசனையைக் கேட்டுவிடாதீர்கள் தம்பி. யார் தோண்டுவார்கள் என்றால், காவல் சரிபார்ப்புக்கு உங்கள் பெயர் போகும்போது அதே ஸ்டேஷன்தான் தோண்டும். எஃப்ஐஆர் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அன்றைக்குத் தப்பித்தாலும் கதை முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 26(1)-ன் காப்புரையைப் படியுங்கள். முக்கியமான உண்மையைத் திரித்துச் சொல்லிப் பதிவு பெற்றிருந்தால் இந்திய பார் கவுன்சில் விசாரித்து ரோலிலிருந்து (வழக்கறிஞர் பட்டியலிலிருந்து) பெயரையே நீக்கலாம். பத்து வருடம் பிராக்டிஸ் செய்த பிறகும் நீக்கலாம், அதற்குக் காலக்கெடு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிரிவு 24ஏ தகுதி நீக்கம் செய்வது தண்டனை பெற்றவரை, அதுவும் ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றில். மாத்திரை வாங்கப் போனது அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் போட்ட உத்தரவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் நிலுவை வழக்குகளைக் கொஞ்சம் கூர்ந்துதான் பார்க்கிறார்கள். ஆக, இந்த வழக்கு உங்களை ஒன்றும் செய்யாது, மறைத்தால் அந்த மறைப்புதான் செய்யும். எஃப்ஐஆர் நகலை எடுத்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.

அப்பத்தா பேரன்:

அக்கா, கிடைத்துவிட்டது. எஃப்ஐஆர்தான், சிஎஸ்ஆர் இல்லை. பிரிவுகள் 188, 269 மட்டும். புகார்தாரர் அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. என் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் சரியாக இருக்கிறது. வயது 19 என்று போட்டிருக்கிறார்கள். இ-கோர்ட்ஸில் எதுவும் காட்டவில்லை.

மதுரைக் கிளை அக்கா:

உங்கள் பிறந்த தேதி என்ன?

அப்பத்தா பேரன்:

2002 செப்டம்பர்.

தாலுகா கோர்ட் வாசல்:

அப்படியானால் அன்றைக்கு 17 வயதுதானே! 19 எங்கிருந்து வந்தது?

அப்பத்தா பேரன்:

அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. நான் சொன்னதுதான். லைசென்ஸ் கிடையாது, 17 என்றால் வண்டி கொடுத்த மாமாவையும் பிடிப்பார்கள் என்று பயந்து 19 என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மதுரைக் கிளை அக்கா:

மாமாவைக் காப்பாற்றப் போய் உங்களுக்கு நீங்களே இரண்டு வயதைக் கூட்டிக்கொண்டீர்கள். சரி, பயந்த பிள்ளை செய்ததுதான். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் தப்பான யோசனைதான் சொல்லியிருப்போம்.

இப்போது மொத்தக் கணக்கும் மாறுகிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-ஐ எடுங்கள். பிரிவு 94-ன்படி வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளி ஆவணம் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அதற்கு அடுத்து பிறப்புச் சான்றிதழ். ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்ன வயது அதற்கு முன் நிற்காது. 9(2)-ன்படி சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். 2016 மாதிரி விதிகளில் 8-ஆவது விதி இன்னும் முக்கியம். கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ ஒழிய, சிறார் மீது எஃப்ஐஆரே போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் சமூகப் பின்னணி அறிக்கையோடு சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். 188-க்கும் 269-க்கும் அதிகபட்சமே ஆறு மாதம்தான்.

கடைசியாக அதே சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 24. சிறார் செய்த குற்றம் நிரூபணமே ஆனாலும் அதனால் எந்தத் தகுதிக் குறைவும் ஒட்டாது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளே விடுவதும் பிரிவு 24, இங்கே கறையைத் துடைப்பதும் பிரிவு 24. ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

செக்‌ஷன் பைத்தியம்:

அப்படியென்றால் எழுதவே தேவையில்லையே அக்கா? சட்டமே சிறார் வழக்கின் பழைய பதிவுகளை அழித்துவிடு என்கிறது. 2019-ல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சிறார் கால வழக்கைச் சொல்லவில்லை என்பதற்காக வேலையை மறுக்க முடியாது என்றுதானே சொன்னது? சட்டம் கொடுத்த பாதுகாப்பை நாமே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மதுரைக் கிளை அக்கா:

நல்ல கேள்வி. வாதமாக அது நிற்கும், நானே வாதாடுவேன். ஆனால் அது மறுத்த பிறகு கோர்ட்டில் போய் வைக்கிற வாதம். தம்பிக்கு வேண்டியது வழக்கு இல்லை, பதிவு. எஃப்ஐஆரில் 19 என்று இருக்கிறது. சரிபார்க்கிறவர் கண்ணுக்கு இது பெரியவர் மேல் உள்ள வழக்கு, விண்ணப்பதாரர் மறைத்திருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். 2016 அவதார் சிங் தீர்ப்பு வேலைவாய்ப்பு பற்றியதுதான், ஆனாலும் அதில் ஒரு வரி இங்கேயும் பொருந்தும்: கொடுக்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும், அற்ப வழக்கா இல்லையா என்பதை அதற்குப் பிறகு அதிகாரி பார்த்துக்கொள்வார்.

அதனால் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்கிறேன். ஏறக்குறைய இப்படி: "2020 ஏப்ரலில் இன்ன காவல் நிலையத்தில் இன்ன குற்ற எண்ணில் இ.த.ச. 188, 269 பிரிவுகளில் என் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகியுள்ளது. சம்பவ நாளில் எனக்கு 17 வயது. பதற்றத்தில் நான் சொன்னபடி அதில் 19 என்று பதிவாகியுள்ளது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன். இறுதி அறிக்கை எதுவும் தாக்கலாகவில்லை. சிறார் நீதிச் சட்டப் பிரிவு 24-ன் பாதுகாப்புக்குப் பாதகமின்றி இதைத் தெரிவிக்கிறேன்." அந்தப் 'பாதகமின்றி' உங்களுக்காகத்தான் செக்‌ஷன் தம்பி.

பழைய சீனியர்:

அக்கா சொன்னது சரி. ஆனால் 'இறுதி அறிக்கை தாக்கலாகவில்லை' என்பதை இ-கோர்ட்ஸை நம்பி எழுதாதே தம்பி. அந்தச் சமயத்தில் மூட்டை மூட்டையாக வந்த வழக்குகளில் எல்லாமே ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. நேராக அந்த ஸ்டேஷனுக்கு உரிய ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்) கோர்ட்டுக்குப் போ, தலைமை எழுத்தரைப் பார், எஃப்ஐஆர் எண்ணைச் சொல்லிப் பதிவேட்டைப் பார்க்கச் சொல். சான்றிட்ட நகலுக்கு மனுப் போடு. ஸ்டேஷனில் ஆர்சிஎஸ் (வழக்கை மேலே நடத்தாமல் முடிக்கும் அறிக்கை) போட்டு மூடியிருக்கிறார்களா என்றும் கேள். மூடியிருந்தால் அந்தத் தாள் ஒன்றே போதும்.

முதல்வர் அறிவிப்பை நம்பியும் இருக்காதே. 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள், கிட்டத்தட்ட பத்து லட்சம், கைவிடப்படும் என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் மேடையில் சொன்னதால் பதிவேட்டில் வழக்கு மூடிவிடாது. ஸ்டேஷன் மூட வேண்டும், அல்லது குற்றப்பத்திரிகை போயிருந்தால் அரசு வழக்கறிஞர் பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 321-ன் கீழ் கோர்ட் அனுமதியோடு திரும்பப் பெற வேண்டும். உன் வழக்கு அதில் மூடியதா என்பதைத் தாளில் பார்.

மூடவில்லை என்றாலும் இதில் உயிர் கிடையாது. அதே சட்டம் 468-ன்படி ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் கோர்ட் கோப்பில் எடுத்தாக வேண்டும். 188-ஐப் பொறுத்தவரை 195-ன்படி அரசு ஊழியர் கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் தானே எஃப்ஐஆர் போட முடியாது. 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதை விரிவாக எழுதியிருக்கிறார், தேடிப் படி. 269 மட்டும் தனியாக நிற்கும், ஆனால் நோய் இல்லாத பையன் மாத்திரை வாங்கப் போனதில் எந்த நோயைப் பரப்பினான்? தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போடலாம், இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528. ஆனால் அதற்கு முன் அந்த ஜே.எம். கோர்ட் படியை மிதி. எப்படியும் நீ மிதிக்க வேண்டிய படிதானே.

இனிஷியல் குழப்பம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பத்தாம் வகுப்பில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். இதற்குக் கெஜட் வரை போக வேண்டுமா? பதிவுக் கட்டணம் உண்மையில் எவ்வளவு?

தாலுகா கோர்ட் வாசல்:

இனிஷியல் விரிவு மட்டும்தான் என்றால் இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்ற அஃபிடவிட் பொதுவாகப் போதும். பெயரே வேறு என்றால்தான் கெஜட். பத்தாம் வகுப்பில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள், வாழ்நாள் முழுக்க வக்காலத்தில் அந்தப் பெயர்தான் வரும்.

கட்டணம் வழக்கறிஞர்கள் சட்டப் பிரிவு 24(1)(எஃப்)-ல் இருக்கிறது: 600-ம் 150-ம், ஆக 750 ரூபாய். எஸ்சி, எஸ்டி என்றால் 125. மாநிலத்துக்கு மாநிலம் 15 ஆயிரம், 42 ஆயிரம் என்று வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலை 30-ல் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. முன்பு கட்டியது திரும்ப வராது (நான் கட்டியதும் சேர்த்துத்தான்).

பழைய சீனியர்:

தம்பி, ஜட்ஜ் தேர்வு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவு (பார் தேர்வு பாஸாவதற்கு முன் கிடைப்பது) நாளிலிருந்தே கணக்காகும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது, அகில இந்திய பார் தேர்வு பாஸான நாளிலிருந்து இல்லை. அதனால் நீ பயப்படுவது ஒரு மாதம், ஒன்றரை மாதத் தாமதத்துக்குத்தான். மறைத்துவிட்டு நாளைக்கு ஜட்ஜ் பதவிக்கான சரிபார்ப்பில் இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

அப்பத்தா பேரன்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஜே.எம். கோர்ட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை எழுத்தர் லீவு. இரண்டாவது தடவை பதிவேடு கிடைத்தது, எஃப்ஐஆர் வந்து சேர்ந்ததற்கு மட்டும்தான் பதிவு இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை நகல் வாங்கினேன். ஸ்டேஷனில் முதலில் 'அதெல்லாம் எப்போதோ முடிந்தது' என்றார்கள். எழுத்தில் வேண்டும் என்று மனு கொடுத்தேன். பத்து நாள் கழித்து, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எந்தத் தேதியில் கைவிட்டார்கள் என்று அதில் போடவில்லை. அக்காவுக்கு அனுப்பிக் கேட்டேன், இப்போதைக்கு இருக்கட்டும் என்றார்.

அக்கா எழுதிக் கொடுத்த பத்தியோடு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சரிபார்ப்பில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். மாமா இன்னும் அந்த எக்ஸ்எல்லைத்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த பதிவு நாளுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். கவுனை அன்றைக்கு மட்டும் நண்பனிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாமா? நான் எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில்தான் சேரப் போகிறேன்.

மதுரைக் கிளை அக்கா:

ரொம்ப சந்தோஷம் தம்பி! முன்சீப் கோர்ட்டில் கவுன் கட்டாயமில்லை, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். அதனால் கவுனை இரவல் வாங்கலாம், தப்பில்லை. கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்டை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், இரண்டு வாங்குங்கள். சென்னைக்குத்தானே போகிறீர்கள், தம்பு செட்டித் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாத்திரையை எடுத்துக்கொள்ள மறக்காமல்.