பழைய தமிழ் நேசன் தாள்கள்: ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி?

பாயான்லெப்பாஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்தில் நாளிதழ் வரலாறு பற்றிச் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறோம். அதற்காகத் தமிழ் நேசன் நாளிதழின் பழைய தாள்கள் நாற்பது போலக் கையில் இருக்கின்றன. பாதிக்கு மேல் தலைப்பகுதி கிழிந்தவை. ஒன்றில் "...விளம்பி ௵" (௵ என்பது ஆண்டுக் குறி) என்றும் அதன் பக்கத்தில் "செவ்வாய்க்கிழமை 26-8-" என்றும் மட்டும்தான் நிற்கிறது. ஆண்டு இருந்த இடத்தில் ஓட்டை. இப்படிப்பட்ட தாளுக்கு ஆண்டு கண்டுபிடிக்க முடியுமா? அறிவிப்பு அட்டையில் "1950-கள்" என்று பொத்தாம்பொதுவாகப் போட மனம் வரவில்லை. தாள்களைத் தொட்டால் விளிம்பு உதிர்கிறது, அதற்கும் வழி சொன்னால் நல்லது.

செந்தூல்காரன்:

கண்டுபிடிக்கலாம் அம்மா. உங்கள் ஓட்டைத் தாளையே எடுத்துக்கொள்வோம்.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது, சுற்றிச் சுற்றி வரும். பிரபவ 1927-ல் பிறந்தது, அடுத்த சுற்று 1987-ல். அதிலிருந்து விரல்விட்டு எண்ணினால் ஹேவிளம்பி 1957-58, விளம்பி 1958-59. முன்பகுதி கிழிந்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், சிக்கலே அங்கேதான். "ஹே" இருந்ததா இல்லையா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துத் தேட வேண்டாம், கிழமை இருக்கிறதே. 26 ஆகஸ்ட் 1957 திங்கள். 26 ஆகஸ்ட் 1958 செவ்வாய். எனவே உங்களுடையது 1958.

இன்னொரு வழியிலும் சரிபாருங்கள். 1957 ஆகஸ்ட் 26 என்றால் மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, ஐந்து நாள்தான் இருக்கும், செய்தியும் விளம்பரமும் அதைச் சுற்றியே வரும். 1958 என்றால் "முதலாம் ஆண்டு நிறைவு" என்ற பேச்சு எங்காவது தட்டுப்பட வேண்டும். ஒரு தடயத்தை மட்டும் நம்பி அட்டை எழுதக்கூடாது. கிழமையே தவறாக அச்சான இதழ்கள் எல்லாப் பத்திரிகையிலும் உண்டு. நேற்றைய வரியை மாற்ற மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

கிழமையும் இல்லாத தாளுக்கு விளம்பரங்களைப் படியுங்கள். ஆண்டு காட்டுவதில் செய்தியை விட விளம்பரம் நேர்மையானது. பார்க்க வேண்டியவை:

"எப்.எம்.எஸ்." (ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முகவரி முடிந்தால் போருக்கு முந்தியது என்று எடுக்கலாம். மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1, மலாயாக் கூட்டரசு 1948 பிப்ரவரி 1, மலேசியா 1963 செப்டம்பர் 16. இந்தப் பெயர்கள் அந்தத் தேதிகளுக்கு முன் நாட்டின் பெயராக வராது. கோலாலம்பூர் முகவரியில் "கூட்டரசுப் பிரதேசம்" என்றிருந்தால் 1974 பிப்ரவரி 1-க்குப் பின், அதுவரை அது சிலாங்கூர். விளம்பரத்துக்குள் ரோமன் எழுத்தில் "ஷரிக்காட்" (மலாயில் நிறுவனம்) என்ற சொல்லைத் தேடுங்கள். எஸ்-எச் போட்டுத் தொடங்கினால் 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வழக்கு, எஸ்-ஒய் என்றால் பிந்தியது. பழைய பெயர்ப்பலகையையே கடைசிவரை விளம்பரத்திலும் வைத்திருந்த கடைகள் உண்டு என்பதால் எஸ்-எச் முடிவான சாட்சி ஆகாது. எஸ்-ஒய் ஆகும். விலையில் ரோமன் ஆர்-எம் குறி தெரிந்தால் 1990-களோ அதற்குப் பிந்தியதோ, அதற்கு முன் டாலர் குறிதான் பெரும்பாலும்.

ஜப்பான்காரன் காலத்து மலாயாத் தாள் ஏதாவது கிடைத்தால் ஆண்டு 2602, 2603 என்று இருக்கக்கூடும். அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது ஜப்பானிய அரச ஆண்டு. 660-ஐக் கழித்தால் நம் கணக்கு வரும்.

ஈயஎழுத்து:

செந்தூல்காரர் சொன்னதோடு எழுத்தையும் பார்க்கச் சொல்வேன். தாளின் வயதை எழுத்து நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

ணை, லை, ளை, னை நான்கும் மேலே யானைத் துதிக்கை போல வளைந்திருக்கிறதா? ணா, றா, னா மூன்றும் தனிக்கால் இல்லாமல் கீழே சுழித்து முடிகிறதா? இருந்தால் பழைய எழுத்து. இவற்றை மாற்றிய தமிழ்நாட்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-ல் வந்தது, இங்கே பாடநூலும் பத்திரிகையும் அதற்குப் பிறகு மாறின. ஆனால் பெரியார் 1935-லேயே தம் குடி அரசு இதழில் புதிய எழுத்துக்கு மாறிவிட்டார். ஆகவே புதிய எழுத்து இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு 1978-க்குப் பின் என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள், பெரியார் இயக்கச் சார்புள்ள அச்சகங்கள் முன்பே மாறியிருக்கலாம்.

சீர்திருத்தம் 13 எழுத்தை மாற்றியது என்பார்கள். அச்சுக்கூடத்தில் கணக்கு வேறு. உயிர் 12, ஆய்தம் 1. மெய் 18, அகரமேறியது 18, இகர, ஈகார, உகர, ஊகாரம் ஒவ்வொன்றுக்கும் 18: மொத்தம் 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என்று 4 உதிரி. ஆக 125. இதற்கு மேல் பழைய வடிவத்துக்காக ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று 7 தனி எழுத்து. ணொ, ணோ வகையறா ஆறும் அந்த ணா, றா, னாவுக்கு முன்னால் கொம்பு வைத்தால் முடிந்தது, தனி ஈயம் கிடையாது. கேஸில், அதாவது ஈய எழுத்துகளைப் பிரித்து வைக்கும் குழித்தட்டில், காலியானது ஏழு குழிதான். கிரந்தம், எண், நிறுத்தக்குறி இந்தக் கணக்கில் இல்லை.

கோர்த்த பக்கத்தை அச்சடித்ததும் எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போட வேண்டும். அவசரத்தில் ண குழியில் ன விழும், மறுநாள் அது அப்படியே பத்தியில் ஏறும். பழைய தாளில் "பணம்", "பனம்" ஆனதற்கு எழுதியவருக்கு இலக்கணம் தெரியாததுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். தலைகீழாக நிற்கும் எழுத்து, மற்றதைவிடத் தடித்த எழுத்து, கொம்பு முறிந்த எழுத்து மூன்றும் கையால் கோர்த்ததன் அடையாளம்.

இன்னொரு சோதனை: ஓரத்தில் அச்சு உள்ள இடத்தின் பின்பக்கத்தை விரல்நுனியால் மெதுவாகத் தடவுங்கள். மேடு தட்டினால் ஈய எழுத்தோ அதிலிருந்து வார்த்த தகடோ தாளை அழுத்தியிருக்கிறது. வழவழப்பாக இருந்தால் ஆஃப்செட். படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பழைய முறையில் புள்ளிகள் பெரிது, அங்குலத்துக்கு 65 வரிசை போல எண்ணலாம். கணினி வந்தபின் பிழையின் ரகமே மாறிவிட்டது. எழுத்து தலைகீழாகாது, எழுத்துரு மாறி ஒரு சொல் முழுக்கக் கண்ணராவியாக நிற்கும்.

தாளின் மருத்துவர்:

தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், அமிலம் சுரந்து இழையை முறிக்கும். நம் ஊர் ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். உதிர்வதை மீட்க முடியாது, மேற்கொண்டு உதிராமல் நிறுத்தலாம்.

செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை ஐந்தாறு ஆண்டில் பழுப்பாக ஊறி எழுத்தையே விழுங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. கிழிசலை ஜப்பானியத் தாளும் கோதுமைமாவுப் பசையும் கொண்டு பின்பக்கத்தில் ஒட்டலாம். பழக்கமில்லை என்றால் ஒட்டாமல் விடுவதே மேல்.

மடிப்பு பிரிக்க: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் பிழிந்த ஈரத்துண்டு, அதன்மேல் தாளில் தண்ணீர் படாதபடி உயரமான கம்பித்தட்டு, தட்டின்மேல் தாள். மூடியை மூடி அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மணியில் துணிபோலத் துவளும். உடனே எடுத்து இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்துக் கண்ணாடிப் பலகையும் பாரமும் ஏற்றுங்கள். இரவு முழுக்கப் பெட்டியிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரில் நனைக்கவே வேண்டாம், செய்தித்தாள் கரைந்து கூழாகிவிடும். அச்சு மை எண்ணெய் மை, ஓடாது. யாராவது பேனாவில் எழுதியிருந்தாலோ ரப்பர் முத்திரை இருந்தாலோ இந்த வேலையே செய்யாதீர்கள், அது பரவும்.

பிறகு ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையோடு படுக்கவைத்து வையுங்கள். பகலில் குளிர்சாதனம், இரவில் அணைப்பு என்ற அறை ஆகாது. அணைத்ததும் ஈரம் ஏறும், தினமும் அந்த ஏற்ற இறக்கம் தாளை இழுத்துச் சுருக்கும். கண்காட்சியில் அசல் வேண்டாம், நகல் போதும்.

படம் எடுக்கும்போது 400 டிபிஐ, வண்ணத்தில். கறுப்புவெள்ளை மட்டும் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், அல்லது தாளின் அழுக்கு புள்ளியாகிவிடும். "மரம்" எது "மர்ம" எது என்றே தெரியாது. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் அடியில் கறுப்புத்தாள் வையுங்கள். வெள்ளைத்தாள் வைத்தால் இன்னும் மோசமாகும்.

பாயான்லெப்பாஸ் வாசகி:

மிக்க நன்றி. 26-8 தாளில் எட்டாம் பக்கத்தில் "சுதந்திர ஆண்டு நிறைவு விழா" என்று ஒரு கடை விளம்பரம் இருக்கிறது, ஆக 1958 உறுதி. எழுத்தும் பழையதுதான், துதிக்கை தெரிகிறது. அறிமுக அட்டைக்கு நேசனின் தொடக்கம், முடிவு சொல்ல வேண்டும். ஒரு சிறப்பு மலரில் "மலாயாவின் முதல் தமிழ்ப் பத்திரிகை" என்று போட்டிருக்கிறார்களே, எடுத்துக்கொள்ளலாமா?

செந்தூல்காரன்:

வேண்டாம். நேசன் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கியது, 1924 செப்டம்பர் 10. நின்றது 2019 ஜனவரி 31 இதழோடு. நீண்டகாலம் ஓடியது என்று எழுதுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். "முதல்" என்றால் உங்கள் பினாங்கே கோபித்துக்கொள்ளும்: குலாம் காதிறு நாவலர் அங்கே வித்தியா விசாரிணி இதழை நடத்தியது 1880-களில். சிங்கப்பூரில் மகுதூம் சாயபுவின் சிங்கை நேசன் 1887-ல். பெயரில் "நேசன்" இருப்பதால் அட்டவணைகளில் இதையும் தமிழ் நேசனையும் குழப்பிப் பதிந்திருப்பார்கள், தேடும்போது கவனம். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935-ல் சிங்கப்பூரில் தொடங்கி இங்கும் விற்றது. முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தொகுப்பில் உள்ளன, சொல் போட்டுத் தேடுவதைவிடத் தேதி வைத்துப் புரட்டுங்கள். உங்கள் தாளின் அதே தேதி முரசை ஒப்பிட்டால் செய்தியும் உறுதியாகும். மற்றபடி ஜாலான் துன் ரசாக் தேசிய நூலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "அச்சிட்டு வெளியிடுபவர்" வரி இருக்கும், அதையும் தனியாகப் படமெடுங்கள். உரிமையாளர் மாறியது, அச்சகம் இடம் மாறியது எல்லாம் அந்த வரியில்தான் முதலில் தெரியும். தலைப்பகுதியில் "மலர் 34, இதழ் 200" போல இருந்தால் அதை நேராக 1924-ல் கூட்டாதீர்கள். போர்க்காலத்தைச் சேர்த்து எண்ணினார்களா என்பதை ஆண்டு தெரிந்த ஒரு முழுத்தாளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் 1958 தாளில் மலர் எண் தப்பியிருந்தால் அதுவே போதும்.

ஈயஎழுத்து:

ஒன்று விட்டுப்போனது. நாற்பதில் 1950, 51 தாள் ஏதாவது இருந்தால் "கதை வகுப்பு" என்ற தலைப்பு இருக்கிறதா பாருங்கள். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் நடத்திய எழுத்துப் பயிற்சிப் பகுதி அது. இருந்தால் முதலில் அதைப் படமெடுங்கள், மற்ற முப்பத்தொன்பதும் அப்புறம்.