டிஎம் ஆன்காலஜிக்குப் பிறகு பிஎச்டி அவசியமா?

ஜெனரல்மெடிசின்_பிஜி: எம்டி ஜெனரல் மெடிசின் கடைசி வருடம். அடுத்து நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத்தேர்வு) எழுதி டிஎம் மெடிக்கல் ஆன்காலஜி (மருந்துவழிப் புற்றுநோய் சிகிச்சைக்கான மேற்படிப்பு) சேர எண்ணம். புற்றுநோய் சிகிச்சையும் தரவேண்டும், மருந்து ட்ரையல்களையும் முன்னின்று நடத்தவேண்டும். இதற்கு பிஎச்டி கட்டாயமா? டிஎம் மூன்று வருடத்தில் எதைப் பழகிக்கொள்வது?

வார்டு_ரவுண்ட்ஸ்: கட்டாயமில்லை. செல், மரபணு என ஆய்வகத்தில் இறங்குபவருக்கு பிஎச்டி உதவும். ட்ரையல் நடத்த வேண்டியது ஆய்வு வடிவமைப்பும் புள்ளியியலும்தான். அதை தீசிஸிலேயே பழகலாம். பலர் சறுக்குவது எங்கே என்றால், உயிர்வாழும் காலத்தை முதன்மை அளவீடாக வைத்துவிடுகிறார்கள். ஆள் சேர்க்கவே ஒன்றரை, இரண்டு வருடம் போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவரை ஆறு மாதம்கூடத் தொடர முடியாது. கிரேடு 3, 4 (கடுமையான) பக்கவிளைவு எத்தனை பேருக்கு, எத்தனை பேர் கீமோவின் ஆறு சுழற்சியையும் முடித்தார்கள் என்பது போன்ற கேள்வியை எடுங்கள், சில மாதங்களில் விடை வந்துவிடும்.

வரிசை முக்கியம்: எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், சிடிஆர்ஐ (ட்ரையல்களுக்கான தேசியப் பதிவேடு) பதிவு, அதன் பிறகே முதல் நோயாளி. 2018 ஏப்ரலிலிருந்து ட்ரையல் தொடங்கிய பிறகு செய்யும் பதிவை சிடிஆர்ஐ ஏற்பதில்லை.

டோஸ்_கணக்கு: கேள்வி ஓபியிலிருந்து வரவேண்டும். டாடா மெமோரியல் 2022இல் வெளியிட்ட நிவோலுமாப் (நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்றுநோய் மருந்து) ட்ரையலைப் படியுங்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி.; அவ்வளவு விலை கொடுக்க நம் நோயாளிகளில் பெரும்பாலோரால் முடியாது. இந்த ட்ரையலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. கொடுத்தார்கள். கூடவே மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு வருட உயிர்பிழைப்பு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனது. ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்பிடப்பட்டது மாத்திரைகள் மட்டும் எடுத்த குழுவோடு, 240 மி.கி. குழுவோடு அல்ல. ஆகவே 20 மி.கி.யும் 240 மி.கி.யும் சமம் என்று இது நிரூபிக்கவில்லை. கட்டுப்பாட்டுக் குழுவை, அதாவது ஒப்பிடப்படும் குழுவை, இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் வந்துவிட்டால் பாதி பயிற்சி முடிந்தது.

ட்ரையல்_டெஸ்க்: மேலே உள்ளவற்றோடு இரண்டு சேர்க்கிறேன். புதிய மருந்து ட்ரையலில் தீவிர பாதகம் நேர்ந்தால் 24 மணி நேரத்தில் முதன்மை ஆய்வாளர் சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு), ஸ்பான்சர் (ட்ரையலை நடத்தவைக்கும் நிறுவனம்), எத்திக்ஸ் கமிட்டி மூன்றுக்கும் தெரிவிக்கவேண்டும். ஆராய்ந்த அறிக்கைக்கு 14 நாள். காய்ச்சலோடு சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலே அது தீவிர பாதகம்தான். செய்தி உங்களுக்கு வராததால்தான் கெடு தவறுகிறது. மருந்தின் பெயர், ட்ரையல் எண், இரவிலும் எடுக்கப்படும் போன் நம்பர் அச்சிட்ட கார்டை ஒவ்வொருவரிடமும் கொடுங்கள்.

இரண்டாவது, ஃபாலோஅப். இதற்கு உதாரணம் டாக்டர் வி. சாந்தா. 1955இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான, 1980களில் தொடங்கிய எம்சிபி-841 சிகிச்சை முறையை அடையாறு, டாடா, எய்ம்ஸ் மூன்றும் பின்பற்றின. கூட்டு முடிவுகள் 2005இல்தான் கட்டுரையாக வந்தன. அத்தனை வருடம் நோயாளியைத் தொலைக்காமல் வைத்திருந்தால்தான் அப்படி ஒரு கட்டுரை சாத்தியம்.

ஜெனரல்மெடிசின்_பிஜி: மிக்க நன்றி. ஜிசிபி (ட்ரையலை முறைப்படி நடத்துவதற்கான விதிமுறை) பயிற்சி எப்போது எடுப்பது?

ட்ரையல்_டெஸ்க்: டிஎம் சேர்ந்த முதல் மாதங்களிலேயே. அந்தச் சான்றிதழ் இருந்தால் துறையில் நடக்கும் ட்ரையலில் துணை ஆய்வாளராகப் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.