வால்வைத் திருப்பினால் பின் பிறேக் கூடுமா?

கொக்குவில் கராச்:
நேற்று இங்கே 'சிவப்பு மாஸ்டா' எழுதியதை வாசித்தபிறகு எனக்கு நித்திரை வரவில்லை. தன் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முன்சில்லுகளுக்குப் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற நாலு பிஸ்டன் கலிப்பரும் போட்டாராம். பின் பிறேக் காணாது என்று பின் பைப்பில் ஒரு திருகு வால்வைப் பூட்டி, இரண்டு சுற்றுத் திருப்பி "பின் பிறேக்கைக் கூட்டினேன்" என்கிறார். கூட்டவே முடியாது! பின்னுக்குப் போகும் அமுக்கத்தைக் குறைக்கத்தான் அந்த வால்வு. ஒரு எல்லைவரை முழுதாக விடும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் பின்னுக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். முழுக்கத் திறந்து வைத்தாலும், பெடலை மிதிக்க பிறேக் எண்ணெயை அமுக்கி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர் தருவதைவிட ஒரு துளியும் கூட வராது.

சிவப்பு மாஸ்டா:
அண்ணை, நான் திருப்பினேன், கூடியது. முன்பு மழைக்குள் மிதித்தால் முன்சில்லு சுற்றாமல் இறுகி கார் நேரே வழுக்கிக்கொண்டு போகும். இப்போது பின்பக்கமும் சேர்ந்து பிடிக்கிறது. கூடாமல் இது எப்படி நடந்தது? உங்கள் கராச்சுக்கு வராமல் நானே பூட்டிவிட்டேன் என்பதுதான் உங்களுக்குக் கோபம்.

கொக்குவில் கராச்:
தம்பி, கராச்சை இதற்குள் இழுக்காதீர். 22 வருடமாகப் பிறேக் வேலை செய்கிறேன். நீர் பூட்டும்போதே வால்வு பின்னுக்கு நன்றாகக் குறைத்தபடி இருந்திருக்கும், பிறகு திருப்பி விட்டிருக்கிறீர். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் அது கூட்டியதா? கூட்டாது. குறைக்கும்.

பௌதிக ஆசிரியர்:
உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறவன் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். காரின் நிறை 1000 கிலோ, முன்னுக்கும் பின்னுக்கும் பாதிப்பாதி என்று வையுங்கள். அச்சுகளுக்கு இடைத்தூரம் 2265 மில்லிமீற்றர், புவியீர்ப்பு மையம் 45 சென்ரிமீற்றர் உயரத்தில். காய்ந்த தாரில் அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) 1 ஜி, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகல் அளவு என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ பாரம் முன்னுக்குப் போய்விடும்: முன் 700, பின் 300. ஈரத்தில் அதில் பாதிதான் கிடைக்கும் என்றால் முன் 600, பின் 400. ஈரத்துக்குச் சரியாக வைத்த திருகு காய்ந்த வீதியில் பின்சில்லை முதலில் இறுக்கிவிடும். அப்படி இறுகினால் கார் சுழலும். முன்சில்லுதான் முதலில் இறுக வேண்டும் என்று கார் பிறேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-எச் விதி கேட்பதும் இதனால்தான்.

கொக்குவில் கராச்:
சேர், கணக்கு சரி. கேள்வி அதுவல்லவே. வால்வு கூட்டுமா, குறைக்குமா?

சிவப்பு மாஸ்டா:
கூட்டும். கூட்டியது.

வடமராட்சியான்:
கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் கம்பனி பூட்டிய வால்வு இருக்குமே, அதைக் கழற்றினீரா? இல்லாவிட்டால் பின்னுக்கு இரண்டு தரம் குறையும். நான் அப்படி விட்டுவிட்டு ஒரு மாதம் அலைந்தவன்.

கொக்குவில் கராச்:
நீர் வாயைத் திறக்காதீர். ஆடியில் வாங்கிப்போன பைப் ஸ்பானர் இன்னும் வரவில்லை. சாதாரண ஸ்பானரைப் போட்டுப் பிறேக் பைப் நட்டின் மூலையெல்லாம் மழுங்கடித்துக்கொண்டு வந்ததும் நீர்தான்.

வடமராட்சியான்:
ஸ்பானரை உங்கள் மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். எத்தனை தரம் சொல்வது?

சிவப்பு மாஸ்டா:
கம்பனி வால்வு அப்படியேதான் இருக்கிறது. இருந்தும் கூடியது! வல்லை வெளியில் மூன்று தரம் மிதித்துப் பார்த்துவிட்டேன்.

பௌதிக ஆசிரியர்:
வல்லை வெளியிலா? பருத்தித்துறை பஸ் போகிற வீதி அது, மாடும் குறுக்கே வரும். என் மாணவர்கள் அந்த வழியால்தான் சைக்கிளில் போகிறார்கள். சோதிக்க வேண்டுமென்றால் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ஓடுதளத்துக்குக் கொண்டுபோங்கள்.

சிவப்பு மாஸ்டா:
களுத்துறை மட்டும் போய் வர நீங்களா பெற்றோல் அடிப்பீர்கள், சேர்?

கொக்குவில் கராச்:
பேச்சை மாற்றாதீர். கம்பனி வால்வும் கிடக்கிறது என்று உம் வாயாலேயே வந்துவிட்டது. பெரிய முன் கலிப்பர் போட்ட அன்றே முன்பங்கு ஏறி, பின்பங்கு இறங்கிவிட்டது. அதற்குமேல் கம்பனி வால்வு, அதற்கும்மேல் உம்முடைய வால்வு. பின்னுக்கு உண்மையாகவே கூட்ட வேண்டுமா? பின் கலிப்பரைப் பெரிதாக்கும், அல்லது நன்றாகக் கடிக்கிற பிறேக் பட் போடும். பணம் இருந்தால் இரண்டு மாஸ்டர் சிலிண்டரும் நடுவில் சமநிலைத் தண்டும் உள்ள பெடல் பூட்டும். தண்டைத் திருகினால் ஒரு பக்கம் ஏற மற்றப் பக்கம் இறங்கும். கூட்டுவது என்றால் அது. உம்முடைய வால்வு கூட்டாது. இதை ஒப்புக்கொள்ள என்ன கஷ்டம்?

சிவப்பு மாஸ்டா:
நேற்றைய பிறேக்கைவிட இன்றைய பிறேக் பின்னுக்குக் கூட. இதற்கு வேறு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

கொக்குவில் கராச்:
குறைத்தது குறைந்திருக்கிறது.

வடமராட்சியான்:
அப்போ கூடியிருக்கிறதுதானே?

கொக்குவில் கராச்:
நீர் ஸ்பானரைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் பேசும்.

சிவப்பு மாஸ்டா:
நாளைக்கு இன்னும் அரைச்சுற்றுத் திருப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். கூடும்.